“அண்ணே, நீங்க போலீஸா?”

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரில் நான் பாதுகாவல் அதிகாரியாக வேலை பார்த்த கடைத்தொகுதியின் கட்டுப்பாட்டு அறையில் ஓர் இளைஞரை ஒரு மணி இருபது நிமிடம் உட்கார வைத்திருந்தேன். ஒரு பக்கம் கேமராத் திரைகள், மறுபக்கம் வாக்கி டாக்கிகளுக்கு சார்ஜ் ஏற்றும் மேசை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவைப் பூட்டவில்லை. ஆனால் அவருக்கும் கதவுக்கும் இடையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் ஒரு பவர் பேங்கைப் பையில் போட்ட மாதிரி இருந்தது என்று மின்கருவிக் கடையின் ஊழியர் ஒருவர் சொல்லியிருந்தார். போட்டதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கடையின் மேலாளர் சாப்பிடப் போயிருந்ததால், அவர் வரும்வரை “ஆளை வைத்திருங்கள்” என்றார்கள், வைத்திருந்தேன். அந்த இளைஞர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமான வேலைக்கு வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் கேட்பதற்கு முன்பே வேலை அனுமதிச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் வைத்திருந்த கைத்தொலைபேசி இரண்டு தடவை ஒலித்தது. எடுக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். சிறிது நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், “அண்ணே, நீங்க போலீஸா?” என்றார்.

“பேசாம உட்காருங்க தம்பி, மேனேஜர் வரட்டும்” என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு நேர்மையான பதில்தான் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். மேலாளர் வந்து பார்த்தபோது, சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் அன்று பிற்பகல் அந்தப் பவர் பேங்கை வாங்கியதற்கான ரசீது இளைஞருடைய பணப்பையில் நான்காக மடித்துக் கிடந்தது. “ஓகே லா, போகலாம்” என்றார் மேலாளர். அந்த இளைஞர் என்னைப் பார்த்து “நன்றி அண்ணே” என்று சொல்லிவிட்டு, தங்குவிடுதிக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

அந்த நன்றியை நான் இன்றுவரை செரித்துக்கொள்ளவில்லை. தனியார் ஒருவருக்குப் பிறரைப் பிடித்துவைக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அது எந்த இடத்தில் முடிகிறது, முடியும் இடத்தைக் கவனிப்பவர் யார் என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்த வேலையில் முடி நரைத்தவன். இப்போது சூப்பர்வைசராகப் புதியவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அளவுக்கு உள்ள உரிமையோடு எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் சாதாரணப் பாதுகாவல் அதிகாரிக்குத் தனியாக எந்தக் கைது அதிகாரமும் கிடையாது. சீருடை போட்டிருந்தாலும் தோளில் பட்டை குத்தியிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர் காப்பிக்கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் எவரையும் போன்ற ஒரு தனிநபர்தான். அந்தத் தனிநபருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு ஒரு குறுகிய வழியைத் திறந்துவைத்திருக்கிறது. தன் கண்முன், தான் இருக்கும் இடத்தில், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதும் ஜாமீனில் விட முடியாததுமான குற்றத்தை ஒருவர் செய்தால் அவரைப் பிடிக்கலாம். பிடித்ததும் தேவையற்ற தாமதமின்றிப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தன் உடலுக்கோ சொத்துக்கோ தீங்கு செய்தவரின் பெயரும் முகவரியும் தெரியாதபோது, சொத்துக்கு உரியவரோ அவருடைய ஊழியரோ பிடித்துவைப்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. அங்கும் குற்றம் என்று ஒன்று உண்மையில் நடந்திருக்க வேண்டும்.

அந்த மாலையை இந்தச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் நான் எதையுமே நிறைவேற்றவில்லை. என் கண்முன் எதுவும் நடக்கவில்லை. எந்தக் குற்றம் ஜாமீனில் விடத்தக்கது, எது விடத்தகாதது என்பதைச் சட்டத்தின் இறுதியில் உள்ள நீண்ட அட்டவணையைப் பிரித்தால்தான் சொல்ல முடியும். அப்படி ஓர் அட்டவணை இருப்பதே எனக்கு அன்று தெரியாது. போலீசை யாரும் அழைக்கவில்லை. ஒருவரைப் போக விடாமல் முறையின்றித் தடுப்பதும் அடைத்துவைப்பதும் தண்டனைச் சட்டத்தில் குற்றங்கள். அந்த அறையில் அன்று குற்றம் செய்தவர் என்று எவரையாவது சொல்ல வேண்டுமானால், என்னைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் வேலைக்கு இந்த ஊரில் ஒரு பழைய பெயர் உண்டு: ஜாகா. காவல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். பிரிட்டிஷ் காலத்தில் கிடங்குகளின் வாசலிலும் வங்கிகளின் வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த சீக்கியக் காவலர்களை எல்லாரும் ஜாகா என்றுதான் அழைத்தார்கள். புக்கிட் பிரவுன் இடுகாட்டில் சீனச் செல்வந்தர்களின் கல்லறைகளுக்கு முன்னால் இன்றும் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்பதைப் பார்க்கலாம். ஜாகாவைப் போலீஸ் என்று தவறாக எண்ணுவது எளிதாக இருந்திருக்காது. வாசலில் கிடக்கும் கட்டிலே அவர் யாருடைய ஆள் என்பதைச் சொல்லிவிடும். இன்று எங்கள் சட்டையையும், கறுப்புக் கால்சட்டையையும், மார்பில் தொங்கும் அட்டையையும் பார்க்கிற வெளியூர்க்காரர் ஒருவரால் அப்படிச் சொல்லிவிட முடியாது.

சொல்ல முடியாததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. எங்களுக்கும் போலீசுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு: துணைப் போலீஸ் அதிகாரிகள். எங்கள் பேச்சில் “ஆக்ஸிலரி”. பெரியவர்கள் வாயில் இன்னும் “சிஸ்கோ”. 1972இல் அரசு அமைத்த வணிக, தொழிலகப் பாதுகாப்புக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் சிஸ்கோ. 2005இல் அது நிறுவனமாக மாறியது, பின்னர் செர்ட்டிஸ் சிஸ்கோ என்று பெயர் பெற்றது. ஏட்டோஸ் என்ற இன்னொரு துணைப் போலீஸ் நிறுவனம் 2004இல் உருவானது. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளிலும், சாங்கி விமான நிலையத்திலும், பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் நாம் பார்க்கும் சீருடையினரில் பலர் இத்தகைய நிறுவனங்களின் ஊழியர்கள். மாதச் சம்பளத்தை நிறுவனத்திடம் வாங்குகிறார்கள். ஆனால் போலீஸ் படைச் சட்டத்தின்கீழ் நியமனம் பெற்று, வாரண்ட் கார்டு என்ற போலீஸ் அடையாள அட்டை வைத்திருந்து, பணியில் இருக்கும்போது போலீஸ் அதிகாரிக்கு உரிய அதிகாரங்களோடு செயல்படுகிறார்கள். சிலர் துப்பாக்கியும் ஏந்துகிறார்கள். அவர்களை அடித்தால் அரசாங்க ஊழியரைத் தாக்கியதாக வழக்கு வரும்.

1946 முதல் இருந்துவரும் தொண்டூழியச் சிறப்புக் காவல் படையும் குடிமக்களுக்குப் போலீஸ் அதிகாரம் தருவதுதான். பகலில் ஆசிரியராகவோ பொறியாளராகவோ இருப்பவர் பயிற்சி முடித்து, போலீசின் அதே நீலச் சீருடையில் ரோந்து போகிறார். இதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவருக்கு வேலை சொல்வதும், தவறு செய்தால் தண்டிப்பதும், அதிகாரம் கொடுத்ததும் ஒரே அமைப்பு. துணைப் போலீஸ் அதிகாரியின் நிலை அப்படியல்ல. அதிகாரத்தைத் தருவது காவல்துறை. சம்பளத்தைத் தருவது நிறுவனம். நிற்க வேண்டிய இடத்தையும் செய்ய வேண்டிய வேலையையும் தீர்மானிப்பது நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர். மூன்று பேரும் ஒரே விஷயத்தை விரும்பும்வரை சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் “ஆளை வைத்திருங்கள்” என்று சொல்லும் நேரத்தில்தான் அந்த அதிகாரி யாருடைய ஆள் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை அவர் தனியாக, நின்ற இடத்திலேயே, சில நொடிகளில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

துணைப் போலீசார் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில், பேருந்துச் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டபோது காயமடைந்தவர்களில் துணைப் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு லிட்டில் இந்தியாவுக்கென்றே ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அந்தப் பகுதியில் ஆட்களைச் சோதிக்கவும் வெளியேற்றவும் கூடுதல் அதிகாரம் தந்த சட்டம் அது. அந்த மாதங்களில் தேக்கா சந்தைப் பக்கம் காய்கறி வாங்கப் போன நம்மில் யாருக்குத்தான் அது மறந்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமைகளில் சீருடைகள் பெருகின. நின்று கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் மொழி பேசுகிறவர்கள். கேட்டவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். சட்டைப்பையில் வேலை அனுமதிச்சீட்டைத் தயாராக வைத்திருக்கும் பழக்கம், கேட்பவர் யார் என்று கேட்க விடுவதில்லை. என் முன் உட்கார்ந்திருந்த தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய தைரியம் என்று இப்போது புரிகிறது.

கேட்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் 1993இல் நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட “போலீஸ் நண்பர்கள்” என்ற தொண்டர் அமைப்பு, பின்னர் தமிழகம் முழுவதும் பரவியது. போலீசுக்கும் பொதுமக்களுக்கும் பாலமாக இருப்பதுதான் அதன் வேலை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்தத் தொண்டர்களின் மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பைத் தொடங்கியவர்கள் மறுத்தார்கள். அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. என்னை உறுத்துவது வேறொன்று. அப்படி ஒரு சந்தேகம் எழுந்தபோது, போலீஸ் நிலையத்துக்குள் நின்றவர்களில் யார் போலீஸ், யார் நண்பர் என்று வெளியில் இருந்தவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சத்தீஸ்கரில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. பழங்குடி இளைஞர்களைச் சிறிய தொகைக்குச் சிறப்புக் காவலர்களாக நியமித்து, துப்பாக்கி கொடுத்து, மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தினார்கள். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போதிய படிப்பும் பயிற்சியும் இல்லாதவர்களின் கையில் அந்த அதிகாரத்தைத் திணிப்பது, அவர்கள் பிடிக்கும் மக்களுக்கு மட்டுமல்ல, அந்த இளைஞர்களுக்கும் இழைக்கும் அநீதி என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதை வாசித்தபோது, அறையின் நடுவில் நின்ற என்னையும் நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் அந்த ஊர்களைப் போன்றதல்ல. இங்கே வாசலில் கண்டிப்பு அதிகம். 2007இல் நிறைவேறி 2009இல் நடப்புக்கு வந்த தனியார் பாதுகாவல் தொழில் சட்டத்தின்கீழ், உரிமம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட எங்கள் வேலையைப் பார்க்க முடியாது. பயிற்சி முடிக்க வேண்டும். பின்னணியைப் போலீசின் உரிமப் பிரிவு சரிபார்க்கும். நிறுவனத்துக்கும் தனி உரிமம் வேண்டும். எங்களைத் திட்டுவதும் அடிப்பதும் பெருகியதால், 2022 மே 1 முதல் பாதுகாவல் அதிகாரிகளைத் துன்புறுத்துவோருக்குக் கடுமையான தண்டனை வந்தது. அதற்காக நான் மனமார மகிழ்ந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், கார் நிறுத்துமிடத்தில் சக்கரப் பூட்டு மாட்டியதற்காக முகத்தில் துப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இவ்வளவும், யாரை உள்ளே விடுவது என்பதையும் உள்ளே வந்தவரை எப்படிக் காப்பது என்பதையும் பற்றியவை. நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர் கையில் எதுவும் இல்லை. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆம் விதி, கைது செய்யப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும் என்றும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. கைது செய்தவர் யார் என்று அந்த விதியின் சொற்கள் பிரித்துப் பேசவில்லை. ஆனால் நடைமுறையில் அந்த 48 மணி நேரக் கடிகாரம் போலீஸ் நிலையத்தில்தான் ஓடத் தொடங்குகிறது. கட்டுப்பாட்டு அறையில் கழிந்த ஒரு மணி இருபது நிமிடத்தை எந்தக் கடிகாரமும் எண்ணவில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்றே. தனியார் ஒருவர் இன்னொருவரைத் தடுத்து நிறுத்தும் கணத்திலேயே, தான் போலீசா, துணைப் போலீசா, வெறும் பாதுகாவலரா என்பதையும், எதற்காக நிறுத்துகிறார் என்பதையும் அவருக்குப் புரியும் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டால் மட்டும் சொல்வது போதாது, ஏனென்றால் பயந்தவர் கேட்க மாட்டார். நிறுத்திய நேரமும் போலீசை அழைத்த நேரமும் பதிவாக வேண்டும். புகார் செய்ய விரும்பினால், சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அனுப்பாமல், அதற்கு வெளியே உள்ள ஒருவரிடம் புகார் போய்ச் சேர வேண்டும். அதிகாரம் தந்தது காவல்துறை என்பதால், காவல்துறைக்குள் அதற்கென ஒரு மேசை இருப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மொழி என்று நான் குறிப்பிட்டதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையால் துணைப் போலீஸ் படைகள் மலேசியரை வேலைக்கு எடுத்தன. 2017 முதல் தைவானியரையும் எடுத்தன. 2024இல் சீனா, இந்தியா, இலங்கை, மியன்மார், பிலிப்பீன்ஸ் நாட்டவரையும் எடுக்க அனுமதி விரிந்தது. வெளிநாட்டவர் கையில் போலீஸ் அதிகாரமா என்று காப்பிக்கடைகளில் பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கொதிப்பு இல்லை. நான் பிடித்துவைத்த தம்பியும் நானும் ஒரே மொழிதான் பேசினோம், அது அவருக்கு ஒரு பயனும் தரவில்லை. சொல்லப்போனால் அண்ணே என்றும் தம்பி என்றும் பேசிக்கொண்ட உறவுமுறைதான், அவரை அந்த நாற்காலியில் இன்னும் பணிவாக உட்கார வைத்தது. அதிகாரி எந்த நாட்டுக்காரர் என்பதைவிட, எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி என்ன சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதைத்தான் நாடாளுமன்றத்தில் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். தமிழ், ஆங்கிலம், மலாய், மாண்டரின் நான்கிலும் எழுதி, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்: “நான் இந்த இடத்தின் பாதுகாவலர், போலீஸ் இல்லை, நீங்கள் இதைச் செய்ததை நான் பார்த்தேன், அதனால் போலீசை அழைக்கிறேன்.” சென்ற மாதம் சேர்ந்த ஒருவர், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், கிடங்கு வேலையிலிருந்து வந்தவர், “போலீஸ் இல்லேன்னு சொன்னா ஆள் எழுந்து போயிடுவானே சார்?” என்று கேட்டார். வாக்கியத்தின் நடுப்பகுதியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நான் பார்த்தேன் என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்க இடமுண்டு, 999க்கு அழையுங்கள். சொல்ல முடியாவிட்டால் அவர் எழுந்து போவதுதான் சரி, கதவுக்கு முன்னாலிருந்து நகர்ந்து நில்லுங்கள் என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் புகார் செய்தால் என் வேலைக்கு யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்வி. நிறுவனமும் வாடிக்கையாளரும் போடும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட்டால்தான் அவருக்கு நான் உறுதி கொடுக்க முடியும். இப்போதைக்கு என் பெயரைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் டூட்டிப் பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இரவு 8:10, இந்திய ஆண் ஒருவர், விசாரிக்கப்பட்டார், பிரச்சினை இல்லை, அனுப்பப்பட்டார். 6:50 என்ற நேரம் எங்கும் இல்லை. இப்போது நான் பொறுப்பில் இருக்கும் இடத்தில் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்துக் கூடுதலாக இரண்டு கட்டங்கள் வரைந்து வைக்கிறேன்: நிறுத்திய நேரம் ஒன்று, போலீசை அழைத்த நேரம் ஒன்று. புதியவர்கள் முதல் கட்டத்தை ஒழுங்காக நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாவது காலியாக இருக்கும் வரிகளை மட்டும், மறுநாள் காலையில் அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.